எந்திர மூளையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்

(மும்பை தாராவியில் நம் சங்கத்தின் சார்பில் நடைபெற்ற மே நாள் கூட்டத்தில், சங்கத்தின் மூத்த உறுப்பினரும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை. தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)

வேலை முடிந்த களைப்போடு வந்து தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும் இளந்தோழர்களே!

மே நாள் கூட்டம் என்றால், எட்டு மணி நேர வேலைக்காக 1886ஆம் ஆண்டு சிகாகோ நகரத் தொழிலாளர்கள் சிந்திய இரத்தத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். 1923ஆம் ஆண்டு சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே நாள் கொண்டாடியதை நினைவுகூர்வதும் வழக்கம். ஆனால் செயலாளர் அவர்கள் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு வேறு. ‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, தொழிலாளி என்ன செய்வது?’ என்பது தலைப்பு.

நான் விஞ்ஞானி அல்ல. கைப்பேசியில் படம் அனுப்புவதற்கே என் பேத்தி சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் இந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்டதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த அலுவலகத்திற்குள் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளில், அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அதை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வாசலில் முழக்கமிட்டவனும் நான். பிறகு அதே கம்ப்யூட்டரை இயக்கிச் சம்பளம் வாங்கி, 2014இல் ஓய்வு பெற்றவனும் நான்தான். ஆகவே எந்திரம் வந்தால் தொழிலாளி என்ன ஆவான் என்பதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு தாய் கேட்ட கேள்வி

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை. 90 அடி சாலையில் நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து எதிரே வந்த நம் தெரு அம்மாள் ஒருவர், என்னைக் கண்டதும் பாத்திரத்தை இறக்கி வைத்தார். அவர் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலை செய்பவர். அந்த அம்மாள் இரவு மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றி, அந்த இட்லியில் ஒரே மகளை பி.காம். வரை படிக்க வைத்தவர். மகளுக்கு ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. மருத்துவமனைகள் அனுப்பும் இன்சூரன்ஸ் ரசீதுகளைப் படித்து, பெயர், நோய், தொகை என்று பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. நான்கு ஆண்டுகளைத் தாண்டிவிட்டாள்.

அந்த வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்களாம். புதிதாக ஒரு ஏற்பாடு வந்தது. ரசீதை எந்திரமே படித்துவிடுகிறது. எந்திரம் படித்ததைச் சரிபார்க்க நான்கு பேர் போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. மற்ற எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தனி அறைக்குள் அழைத்து, “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, அனுபவச் சான்றிதழ் தருகிறோம், எழுதித் தராவிட்டால் உன் பேரில் கெட்ட குறிப்பு விழும்” என்று சொன்னார்கள்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, நாங்க எதுல கொற வச்சோம்? படிக்க வையின்னு சொன்னீங்க, படிக்க வச்சோம். கம்ப்யூட்டர் படிச்சாத்தான் வேலைன்னு சொன்னீங்க, அதையும் படிக்க வச்சோம். இப்ப அந்தக் கம்ப்யூட்டரே எம் பொண்ண வெளிய போங்குதே, இது என்ன நியாயம்?”

தோழர்களே, எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், ‘படி, படி’ என்று இதே மேடையிலிருந்து முப்பது ஆண்டுகளாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தத் தாய்க்கு நான் சொல்ல வேண்டிய பதில்தான் இன்றைய என் பேச்சு முழுவதும்.

இது என்ன பூதம்?

முதலில் பூதத்தின் முகத்தைப் பார்த்துவிடுவோம். பார்க்காத வரைக்கும்தான் பூதம் பெரிதாகத் தெரியும்.

‘நாளை மாலை நடைபெறும் சங்கக் கூட்டத்திற்குத் தவறாமல்’ என்று எழுதி நான் நிறுத்திவிட்டால், ‘வருகை தரவும்’ என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். ஏன்? இப்படிப்பட்ட அழைப்பிதழ்களை நூறு முறை படித்திருக்கிறீர்கள். இந்த எந்திரம் செய்வதும் அடிப்படையில் அதுதான். மனிதர்கள் எழுதி வைத்த கணக்கற்ற பக்கங்களை அதற்குள் ஊட்டியிருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று மின்னல் வேகத்தில் கணக்கிட்டு, அது வாக்கியம் அமைக்கிறது; கடிதம் எழுதுகிறது; மொழிபெயர்க்கிறது; கேள்விக்குப் பதில் சொல்கிறது; கம்ப்யூட்டருக்கான நிரலையும் எழுதுகிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்ற பெயரில் ஒன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. அதிலிருந்துதான் இந்த வேகம் பிடித்தது.

அதற்கு ஒரு குறை உண்டு. ‘தெரியாது’ என்று சொல்லக் கூச்சப்படும் குமாஸ்தாவைப் போன்றது அது. தெரியாததையும் தெரிந்ததைப் போல அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிடும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி பேத்தியை விட்டுக் கேட்கச் சொன்னேன். அருமையான விண்ணப்பம் வந்தது. ஆனால் அதில் இல்லாத விதி ஒன்றுக்கு எண் போட்டு எழுதியிருந்தது! நாற்பது ஆண்டுகள் தாள்களைப் புரட்டிய கண்ணுக்கு அது பட்டது. பழக்கமில்லாதவன் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பான். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

எந்த வேலையை இது முதலில் தொடும்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இலும் 2025இலும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. வேறெந்த வேலையையும் விட எழுத்தர் வேலைதான் முதலில் இதன் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. அந்த வேலைகளில் பெண்கள் அதிகம் என்பதால், பெண்களுக்கே ஆபத்து கூடுதல். உலகில் நான்கில் ஒரு பங்கு வேலை ஏதோ ஓர் அளவில் இந்த எந்திரத்தின் பாதிப்புக்கு உட்படக்கூடியது என்றும், அவற்றில் பெரும்பாலானவை அடியோடு அழிவதை விட உருமாறுவதற்கே வாய்ப்பு அதிகம் என்றும் அந்த அமைப்பு கூறுகிறது.

உருமாறும் என்ற சொல்லைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பத்து மணி நேர வேலையில் ஆறு மணி நேர வேலையை எந்திரம் செய்துவிட்டால், முதலாளி பத்துப் பேரையும் நான்கு மணி நேரம் வேலை செய்யச் சொல்லி முழுச் சம்பளம் கொடுப்பாரா? நான்கு பேரை வைத்துக்கொண்டு ஆறு பேரை அனுப்புவாரா? ஐரோலியில் நடந்தது என்ன என்று கேட்டீர்களே! ஆகவே, வேலையைப் பிரித்தெடுப்பது எந்திரம். ஆளை வெளியே அனுப்புவது மனிதன் எடுக்கும் முடிவு. எந்திரத்தோடு பேச முடியாது. முடிவெடுக்கும் மனிதனோடு பேச முடியும்; பேச வைக்கவும் முடியும்.

நம் நகரம் சொல்லும் பாடம்

இப்படி ஓர் எந்திரம் வருவது நமக்கு முதல் முறை அல்ல. 1974ஆம் ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடு தாதர் நிலையத்தில் நான் வந்து இறங்கினேன். பெட்டிக்குள் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, அவற்றின் நடுவே மடங்காமல் வைத்த இரண்டு சான்றிதழ்கள். தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர். என் காலத்தில் ஊருக்கு ஊர் தட்டச்சுப் பள்ளிகள். அங்கே பழகிவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறிய தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர்! கோட்டைப் பகுதி அலுவலகங்களில் ‘மதராஸி ஸ்டெனோ’ என்றால் ஒரு மரியாதை உண்டு. அந்த விரல் வேகத்தை நம்பித் தங்கைகளுக்குத் திருமணம் முடித்தோம். ஊரில் கடன் அடைத்தோம்.

அந்த வேலை இப்போது எங்கே? அதிகாரி தாமே கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கத் தொடங்கியதும் சுருக்கெழுத்து போயிற்று. ஆனால் எல்லா ஸ்டெனோக்களும் தெருவுக்கு வந்துவிட்டார்களா? இல்லை. சிலர் அலுவலக நிர்வாகத்திற்குப் போனார்கள். சிலர் கணக்குப் பிரிவுக்குப் போனார்கள். சிலர் மட்டும் நாற்பத்தைந்து வயதில் வேலை இழந்து, வீட்டில் உட்கார்ந்து, மனம் ஒடிந்து போனார்கள். எது இந்த வேறுபாட்டை உண்டாக்கியது? அறிவா? நான் இரண்டு தரப்பாரோடும் ஒரே அறையில் தங்கியிருந்தவன். அறிவில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர்.

நம் இதழின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்த இதழை ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் அச்சடித்தோம். இரண்டு கம்பாசிட்டர்கள் இருந்தார்கள்; இருவரும் கைதேர்ந்தவர்கள். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் முறை வந்தபோது, ஒருவருடைய அச்சக உரிமையாளர், “இரண்டு மாதம் சம்பளத்தோடு போய்ப் பழகிக்கொண்டு வா” என்று அனுப்பினார். அவர் பழகி வந்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தார். இன்னொருவருடைய உரிமையாளர் ஒரு சனிக்கிழமை மாலை கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். இருவருக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு மாதச் சம்பளம், வேறொன்றுமில்லை!

‘மாறிக்கொள்’ என்று தொழிலாளிக்கு அறிவுரை சொல்வது சுலபம். மாறிக்கொள்ளும் காலத்தில் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதற்குப் பதில் சொல்லாத அறிவுரை, அறிவுரையே அல்ல.

இதே நகரத்தின் பஞ்சாலைகளை நினைத்துப் பாருங்கள். 1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முறையாக முடிவுக்கு வரவே இல்லை. துணி உற்பத்தி பிவண்டி போன்ற இடங்களின் விசைத்தறிகளுக்குப் போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நின்ற மண்ணில் இன்று வானுயர்ந்த மாளிகைகள் நிற்கின்றன. துணி நிற்கவில்லை, இலாபம் நிற்கவில்லை. நின்றுபோனது அந்தத் தொழிலாளியின் கை மட்டும்தான். அவனுக்குக் கால அவகாசமும் கிடைக்கவில்லை, வேறு தொழிலுக்கான பயிற்சியும் கிடைக்கவில்லை.

நாங்கள் செய்ததும், செய்யத் தவறியதும்

வங்கிகளில் நடந்தது வேறு. கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெரிந்ததும் நாங்கள் கடுமையாக எதிர்த்தோம். ஆனால் எங்கள் சங்கங்கள் எதிர்ப்போடு நிற்கவில்லை, உட்கார்ந்து பேசின. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வங்கி நிர்வாகங்களோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. எந்த வேலைக்கு எந்திரம், எந்த அளவுக்கு, அதை இயக்குபவருக்கு என்ன சிறப்புப் படி என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. எந்திரம் நிபந்தனையோடு உள்ளே வந்தது. எங்கள் கிளையில் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை நேரத்திலேயே பயிற்சி கொடுத்தார்கள். விசைப்பலகையைத் தொட நடுங்கிய ஐம்பது வயதுக்காரர்கள் ஆறு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். பயம் போனது எப்போது? வேலை போகாது என்று தெரிந்தபோது!

ஆனால் தோழர்களே, இந்த இடத்தில் உண்மையை மறைக்கக் கூடாது. நாங்கள் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினோம். கதவுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி நாங்கள் போதுமான அளவு சிந்திக்கவில்லை. பழைய ஊழியர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் நாற்காலிகள் நிரப்பப்படவில்லை. 2000–2001இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். எனக்குக் கிடைத்த வேலை என் தம்பி மகனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கால் சென்டருக்குப் போனான். சங்கம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, இரவு பகல் கிடையாது.

இன்றைய எந்திர மூளையும் அதே கதவில்தான் நிற்கிறது. புதிதாகப் படித்து வரும் பிள்ளை முதல் இரண்டு ஆண்டுகள் செய்யும் சில்லறை வேலைகள் இருக்கின்றனவே – படிவம் நிரப்புவது, குறிப்பு எடுப்பது, முதல் நகல் எழுதுவது – அவற்றைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டு, மேலே ஏறி வா என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே, நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். உள்ளே இருப்பவனும் வெளியே நிற்பவனும் சேர்ந்து பேச வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

இனி, செய்ய வேண்டியது என்ன? முதலில் உடனடியான ஒன்றைச் சொல்கிறேன். பின்வரிசையில் இருக்கும் இளைஞர்கள் கைப்பேசியை மூடிவிட்டுக் கேளுங்கள்.

ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்! நீங்களாக விலகினால் அது ராஜினாமா. அவர்களாக அனுப்பினால் அது ஆட்குறைப்பு. ஆட்குறைப்புக்குச் சட்டப்படி விலை உண்டு. ராஜினாமாவுக்கு அந்த விலை இல்லை. அதனால்தான் உங்களைத் தனி அறைக்கு அழைக்கிறார்கள்.

29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கிய நான்கு தொகுப்புகள் 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. மத்தியத் தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவை இவற்றை எதிர்த்தன. எதிர்க்கக் காரணமும் இருக்கிறது. தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் வேலை செய்யும் இடத்திற்கே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும். ஆனாலும் அந்தச் சட்டத்திலேயே நமக்குப் பயன்படுபவை சில மிச்சம் இருக்கின்றன. அவற்றை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், காரணத்தை எழுத்தில் தெரிவித்து ஒரு மாத அறிவிப்புத் தர வேண்டும். அல்லது அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நட்ட ஈடு உண்டு. ஆட்குறைப்புக்கு இடமுண்டாக்கும் புதிய எந்திரத்தையோ முறையையோ கொண்டுவந்து வேலை நிலைமையை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இவை 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தவை, இப்போதும் இருக்கின்றன. புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளி வேறு தொழில் பழகுவதற்காக, முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு மறுபயிற்சி நிதியில் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். 15 நாள் போதுமா? போதாது. ஆனால் மாறிக்கொள்ளும் காலத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்ற கொள்கையைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே கேட்க வேண்டும்.

“என் அட்டையில் எக்ஸிக்யூட்டிவ் என்று போட்டிருக்கிறதே, நான் தொழிலாளியா?” என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, அட்டையில் போட்டிருப்பது அலங்காரம். உனக்குக் கீழே யாரும் இல்லாமல், நீயே நாள் முழுவதும் உட்கார்ந்து எழுத்து வேலை செய்கிறாய் என்றால், சட்டத்தின் கண்ணில் நீ தொழிலாளிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த இட்லிக்கார அம்மாளின் மகள் கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் மூவர் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். ‘நான் விலக விரும்பவில்லை, அனுப்புவதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ – அவ்வளவுதான். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். தொழிலாளர் ஆணையர் அலுவலகத்திற்குப் போகப்போகிறோம் என்று தெரிந்ததும், ஆட்குறைப்பு என்றே எழுதி, அறிவிப்புச் சம்பளமும், நான்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளமும் கொடுத்தார்கள். மறுபயிற்சித் தொகை கேட்டு எழுதிய கடிதத்திற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அதை நாங்கள் விடப்போவதும் இல்லை. அந்தப் பணத்தில் அவள் மூன்று மாதம் வீட்டிலிருந்து படித்தாள். இப்போது இன்னொரு கம்பெனியில், எந்திரம் படித்த ரசீதுகளில் பிழை பிடிக்கிற வேலைக்குப் போயிருக்கிறாள். சம்பளம் முன்பிருந்ததை விட மூன்றாயிரம் குறைவு. இதை வெற்றி என்று சொல்லி நான் கைதட்டல் வாங்க மாட்டேன். ஆனால் அவளோடு வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற ஏழு பேரும், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல், முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எந்திர மூளை உங்களுக்கு நாளை வரப்போவதல்ல. ஏற்கெனவே உங்கள் மேஸ்திரியே அதுதான். எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கூலி, யாருடைய கணக்கை முடக்குவது எல்லாம் அதன் கையில். மேஸ்திரியிடமாவது சண்டை போடலாம். இதனிடம் எப்படிப் போடுவது? கர்நாடக அரசு 2025இல் கொண்டுவந்த சட்டம் ஒரு வழி காட்டியிருக்கிறது. காரணம் சொல்லி 14 நாள் அறிவிப்புத் தராமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது; கூலியையும் வேலைப் பங்கீட்டையும் எந்திரம் எப்படி முடிவு செய்கிறது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பக்கத்து மாநிலத்தில் முடிந்தது எல்லா மாநிலத்திலும் முடிய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

எதைப் படிப்பது?

அடுத்தது படிப்பு. ‘ஏ.ஐ. படித்தால் வேலை நிச்சயம்’ என்று நாக்காவுக்கு நாக்கா விளம்பரத் தட்டி தொங்குகிறது. ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று கேட்கிறார்கள். தாய்மார்களே, நகையை அடகு வைத்து அங்கே கட்டாதீர்கள். அரசின் ஸ்வயம் தளத்தில் எத்தனையோ பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டுமே கட்டணம். அதிலும் முக்கியம், இந்த எந்திரத்தைப் பழகச் சிறந்த இடம் அவரவர் செய்யும் வேலைதான். கணக்கு எழுதுகிறவர் கணக்கில் பழகட்டும். கடை வைத்திருப்பவர் சரக்குப் பட்டியலில் பழகட்டும். தையல்காரர் மராத்தியில் விலைப்பட்டியல் எழுதப் பழகட்டும்.

முன்பு ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இல்லாத விதிக்கு எண் போட்டு எழுதியது எந்திரம். அதைப் பிடித்தது தொழில் தெரிந்த கண். வேகமாகத் தட்டுவதில் அதை நாம் வெல்ல முடியாது. ஆனால் ரசீதைத் தட்டத் தெரிந்தவளை விட, இந்த நோய்க்கு இந்த மருந்துக்கு இவ்வளவு பில் வருமா என்று கேட்கத் தெரிந்தவள் நிலைத்து நிற்பாள். ஆகவே, விரலுக்கான பயிற்சியோடு நின்றுவிடாமல் தொழிலின் உள்ளே போங்கள். நம் பிள்ளைகளிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். புலம் பெயர்ந்து வந்த பாட்டில் நமக்குக் கிடைத்த கூலி அது. எந்திரம் செய்யும் மொழிபெயர்ப்பில் எங்கே பொருள் பிசகியிருக்கிறது என்று பிடிக்க, நான்கு மொழியும் வாயில் வாழ்கிற ஆள் வேண்டும்.

கைத்தொழிலை இழிவாக நினைக்கும் பழக்கத்தையும் விட்டொழிப்போம். மின்சார வேலை, லிஃப்ட் பழுது பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டி வேலை, நோயாளியைப் பராமரிக்கும் வேலை இவற்றை எழுத்தில் பேசும் எந்திரம் வந்து செய்துவிடாது. ஐ.டி.ஐ. படிப்பு பி.காம். படிப்புக்குத் தாழ்ந்தது அல்ல. அதற்காக எல்லாரும் குழாய் ரிப்பேருக்குப் போங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. எல்லாரும் ஒரே வாசலில் போய் நின்றால் அந்த வாசலிலும் கூலி விழும்.

பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தை மட்டும் எந்திரம் எழுத விடாதீர்கள். பிள்ளை தானே தப்பும் தவறுமாக எழுதட்டும். எழுதத் தெரிந்தவனுக்கே அடுத்தவன் எழுத்தில் பிழை தெரியும்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

கடைசியாக, நம் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: ஞாயிறு தோறும் நம் படிப்பகத்தில் இரண்டு மணி நேரம். எந்திரம் தெரிந்த இளைஞர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பெண்களுக்கென்று தனி நேரம் வேண்டும். கட்டணம் கூடாது.

இரண்டு: ஒரு பேரேடு. நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள், அங்கே என்ன எந்திரம் வந்திருக்கிறது, எத்தனை பேர் குறைந்தார்கள், என்ன சொல்லிக் குறைத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். ஐரோலியில் எட்டுப் பேரையும் தனித்தனியாக அழைத்தார்களே, ஏன்? ஒருவருக்கு நடப்பது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே! தெரியப்படுத்துவதே பாதிப் போராட்டம். கடிதம் எழுதித் தரவும், ஆணையர் அலுவலகத்திற்கு உடன் போகவும் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வேண்டும். ஐ.டி. ஊழியர்களுக்கும் இப்போது சங்கங்கள் உண்டு. பெங்களூரில் 2017இல் பதிவே செய்துவிட்டார்கள். அப்படிப்பட்ட சங்கங்களோடு நம் பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும்.

மூன்று: இதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. நான் 1974இல் வந்து இறங்கியபோது எனக்கு வேலை இல்லை. நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்திருந்த ஓர் அறை இருந்தது. பதினான்கு பேர் முறை வைத்துத் தூங்கினோம். வேலை கிடைக்கும் வரை சோறு போட்டார்கள். கிடைத்த பிறகு அடுத்து வந்தவனுக்கு நான் போட்டேன். யாரும் கணக்கு எழுதவில்லை. அந்த ஒரு தட்டுச் சோறு இல்லாவிட்டால், என் தட்டச்சுச் சான்றிதழை வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே ஊருக்கு ரயில் ஏறியிருப்பேன்.

ஊரிலிருந்து நகரத்திற்கு வருவது ஒரு புலம்பெயர்வு. ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குப் போவதும் ஒரு புலம்பெயர்வுதான். நடுவழியில் நிற்பவனுக்கு இரண்டிலும் பசிக்கும். மாதம் ஐம்பது ரூபாய் ஒரு வீட்டுக்கு என்று சீட்டுப் பிடிப்பது போலச் சேர்ப்போம். எந்திரத்தால் வேலை இழந்த வீட்டுக்கு இரண்டு மாத அரிசி, பருப்பு, வாடகையில் ஒரு பங்கு. அந்த இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை புதிய வேலை பழகட்டும். கிடைத்ததும் திருப்பிக் கட்டட்டும். கம்பாசிட்டர் ஒருவருக்கு நல்ல உரிமையாளர் கொடுத்தார், மற்றவருக்கு இல்லை என்று சொன்னேனே! நல்ல உரிமையாளர் கிடைப்பார் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு மாதத்தை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வோம். சட்டத்தின் மூலம் முதலாளியிடமிருந்து வாங்கும் போராட்டத்தையும் விடாமல் நடத்துவோம்.

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான்: “தங்கச்சி, நீ எதிலும் குறை வைக்கவில்லை. படிக்க வைத்ததும் தவறில்லை. படித்த பிள்ளையைத் தனியாக அனுப்பி வைத்தோமே, அதுதான் நாம் எல்லாரும் சேர்ந்து செய்த தவறு. இனி அந்தத் தனி அறைக்குள் எந்தப் பிள்ளையும் தனியாகப் போகாது.”

அந்த அம்மாள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை மூன்று மணிக்கு அவர் எழுந்திருக்க வேண்டும். ஆகவே இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பேரேட்டில் முதல் பெயரை எழுத, மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறது.